கரையில் யார் ராஜ்ஜியம்? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்குமான கடற்கரை ஊர்க்காரர்கள் எழுதியவை. வழக்கமான பட்டா, பாகப்பிரிவினை, செக் மோசடிச் சமாச்சாரங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ராமநாதபுரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்த காலம் முழுக்க என்னிடம் வந்தவர்கள் முதலில் கேட்டது, "சார், இதுக்கு யாரைப் போய்ப் பாக்குறது?" என்பதைத்தான். இந்தக் கடிதங்களும் அதைத்தான் கேட்கின்றன.

தடைக்காலம் போடுவது மாநில அரசு. டோக்கன் கொடுப்பது மாநில அரசு. இலங்கை நேவி பிடித்தால் மட்டும் "டெல்லிதான் பேசணும்" என்கிறார்கள். எங்கள் கடலுக்கு யார்தான் பொறுப்பு?
– விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்

இரண்டு பேருமே பொறுப்பு, ஆளுக்கு ஒரு வேலை. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. 'மீன்வளம்' மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். 'கரைக்கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பு' மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனம். அந்த எல்லை 12 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 22 கிலோமீட்டர். உங்கள் லைசென்ஸ், டோக்கன், வலையின் கண்ணி அளவு, விசைப்படகு எந்தக் கிழமை போவது, நாட்டுப்படகு எந்தக் கிழமை போவது எல்லாம் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் அடங்கும். அது சென்னை போட்ட சட்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடையை எல்லோரும் ஒரே உத்தரவு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் 12 மைலுக்குள் மாநில ஆணை, அதற்கு வெளியே மத்திய ஆணை. இரண்டும் ஒரே தேதியில் வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. வித்தியாசம் எப்போது வெளியே வந்தது தெரியுமா? சுருக்குமடி வழக்கில், அதாவது மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை பற்றிய வழக்கில். தமிழ்நாடு சுருக்குமடியைத் தடைசெய்தது. 12 மைலுக்கு வெளியே தடுக்க மாநிலத்துக்கு ஏது அதிகாரம் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. எல்லைக்கு வெளியே மட்டும், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை, நிபந்தனைகளோடு போகலாம் என்றது. சுருக்குமடி நல்லதா கெட்டதா என்பதைக் கரையில் நாள் முழுக்கப் பேசலாம். அந்த உத்தரவு நின்றது 12 மைல் கோட்டின் மேல்.

இப்போது உங்கள் கேள்வியின் முள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான். பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் 22 வராது. ஆகவே அந்தப் பக்கம் மாநிலத்தின் கடல் முடிந்து மத்திய அரசின் கடல் தொடங்குவது என்ற பேச்சே கிடையாது. மாநிலத்தின் கடலைத் தாண்டினால் நேரே அடுத்த நாடு. அடுத்த நாடு என்று வந்துவிட்டால் மத்தியப் பட்டியலின் 10-ஆவது இனம் வெளிநாட்டு விவகாரம், 14-ஆவது இனம் வெளிநாடுகளோடு செய்யும் ஒப்பந்தம். அதனால்தான் முதலமைச்சர் கடிதம் எழுதுகிறார். பேச்சுவார்த்தைக்கு உட்காருவது வெளியுறவுத் துறை. கோபம் வரத்தான் செய்யும். டோக்கன் வாங்கிய இடத்தில் நியாயம் கேட்க முடியவில்லையே என்று தோன்றும். கேளுங்கள், ஆனால் இரண்டு மனுவாகக் கேளுங்கள். பிழைப்புக்கான நிவாரணத்துக்கு மீன்வளத் துறைக்கு ஒன்று, ஆளையும் படகையும் மீட்க வெளியுறவுத் துறைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஆளாளுக்கு 'எங்கள் பொருள் அல்ல' என்று குறிப்பெழுத வசதியாகிவிடும்.

அப்படியானால் நம் மாநில அரசே இலங்கையின் வடக்கு மாகாண சபையோடு பேசி முடித்துக்கொள்ளக்கூடாதா? இரண்டு பக்கமும் தமிழர்தானே?
– ஆசிரியர், ராமேஸ்வரம்

மனசுக்கு நல்ல யோசனை, சட்டத்துக்கு ஆகாது. இந்தப் பக்கம் தடையாக நிற்பது நான் மேலே சொன்ன 10-ஆவது இனம். அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். இலங்கை தன் அரசியல் சாசனத்திலேயே தன்னை ஒற்றையாட்சி நாடு என்று எழுதிக்கொண்டது. 1987 ஜூலையில் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு 13-ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன, நம்மைப் போலவே மூன்று பட்டியலும் போட்டார்கள். வடக்கு மாகாண சபைக்கு 2013-ல் தேர்தல் நடந்தது. 2018-ல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர் நிர்வாகம்தான், உட்கார்ந்து பேச அங்கே சபையே இல்லை.

மாநில அதிகாரத்துக்கு இங்கே கொஞ்சம் காவல் உண்டு. மாநிலப் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மையும் வேண்டும், குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். 368-ஆவது பிரிவு சொல்வது அது. இதை ஒரேயடியான கோட்டை என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1976-ல் நெருக்கடி நிலையின் நடுவில் 42-ஆவது திருத்தம் இந்தச் சம்பிரதாயங்களையெல்லாம் முறைப்படி முடித்துக்கொண்டுதான் நிறைவேறியது. கல்வி, காடு, வனவிலங்கு எல்லாம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது அப்போதுதான். மீனவர்கள் மீனவர்களோடு உட்கார்ந்து பேசுவதை எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை. அப்படிப் பேசியும் இருக்கிறார்கள், இரண்டு அரசுகளும் இடம் ஏற்படுத்திக் கொடுத்த பிறகு.

நாங்கள் பாட்டி காலத்திலிருந்து தீவுப் பக்கம் போய் பாசி எடுக்கிறோம். இப்போது தீவுக்குப் போகக்கூடாது என்கிறார்கள். கேட்டால் வனத்துறை "மத்திய அரசு சட்டம்" என்கிறது. பிடிக்கிறவர் மாநில அரசுச் சம்பளம் வாங்குகிறவர். யாரிடம் முறையிடுவது?
– பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம், பாம்பன்

தங்கச்சி, இந்த இதழில் வந்ததிலேயே கூர்மையான கேள்வி உன்னுடையது. வனத்துறை சொன்னது பொய் இல்லை, முழுசும் இல்லை.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தபோது வனவிலங்கு மாநிலப் பட்டியலில் இருந்தது. நாடாளுமன்றம் தானாக நுழைய முடியாது. சில மாநிலச் சட்டமன்றங்கள் 'எங்களுக்காக நீங்களே ஒரு சட்டம் போடுங்கள்' என்று தீர்மானம் போட்டுக் கேட்டன. 252-ஆவது பிரிவில் அதற்கு வழி உண்டு. மற்ற மாநிலங்கள் அப்புறம் ஏற்றுக்கொண்டன. நாலு வருடத்தில் 42-ஆவது திருத்தம் வந்து அந்தப் பொருளே பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. ஆக, சட்டம் டெல்லியினுடையது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவை அறிவித்தது யார்? தமிழ்நாடு அரசு. காவல் காப்பது யார்? தமிழ்நாடு வனத்துறை. குருசடைத் தீவுப் பக்கம் உன் வள்ளத்தை நிறுத்துகிறவருக்கு அதிகாரம் டெல்லிச் சட்டத்திலிருந்து வருகிறது, உத்தரவு சென்னையிலிருந்து வருகிறது.

விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் கிள்ளி எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாறையைப் பெயர்க்கிற வேலை அது இல்லை. கடல் அட்டை கடத்துகிறவனையும் உங்களையும் ஒரே தடியால் ஓட்டுவது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். அட்டை விஷயம் வேறு. 2001-லிருந்து அது அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பிடித்தால் வனத்துறை வரும், கடலோரக் காவல் படை வரும், கடத்தினால் சுங்கத்துறை வரும்.

உனக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 1991-ல் வந்த திருத்தம், கரைக்கடலைச் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட பகுதி அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பூங்கா அறிவிப்பு அதற்கு முந்தியது என்று எதிர்வாதம் வரும். வரட்டும். பூங்கா அறிவிக்கும் முன் ஆட்சியர் அங்குள்ளவர்களின் உரிமைகளை விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்பது மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே முதல் மனு மாவட்ட ஆட்சியருக்கு, நகல் வன உயிரினக் காப்பாளருக்கு. 'எங்கள் ஊரின் உரிமை விசாரணை நடந்ததா, நடந்திருந்தால் அதன் உத்தரவு நகல் தாருங்கள்' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். பத்து ரூபாய்க் கட்டணம். சங்கமாகச் சேர்ந்து பேசுங்கள், ஆனால் விண்ணப்பத்தில் ஒருத்தி தன் பேரில் கையெழுத்துப் போடட்டும். அந்தச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுத்திருக்கிறது, சங்கத்துக்கு இல்லை.

பாம்பன் பாலத்தில் நின்றால் கண்ணில் படுவதில் எது மத்திய அரசு, எது மாநில அரசு? நண்பர்களுக்குள் பந்தயம்.
– கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பந்தயத் தொகையில் எனக்கும் பங்கு வேண்டும். நீங்கள் நிற்கிற சாலைப் பாலம் தேசிய நெடுஞ்சாலை: மத்தியம். கீழே தெரிகிற ரயில் பாலம், 1914-ல் வந்தது ஆனாலும், 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப் பாலம் ஆனாலும்: மத்தியம். கலங்கரை விளக்கம்: மத்தியம். கரையில் இறங்குகிற மீன்: மாநிலம். பாம்பன் துறைமுகம் பெரிய துறைமுகம் இல்லை என்பதால் பொதுப் பட்டியலில் 31-ஆவது இனம். நிர்வாகம் தமிழ்நாடு கடல்சார் வாரியம். இழுவைக் கப்பல் ஒன்று பாலத்தைக் கடக்க வேண்டுமென்றால் துறைமுகத்துக்காரர் சொல்ல வேண்டும், ரயில்வேக்காரர் தூக்க வேண்டும்.

நான் ரசிப்பது புயல் கூண்டு. 'பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தி வருகிறதே, புயல் வருகிறது என்று கணிப்பது வானிலை ஆய்வு மையம், அது மத்தியப் பட்டியல் 68. கம்பத்தில் கூண்டை ஏற்றுவது மாநிலத் துறைமுக அலுவலகம். கடலுக்குப் போகாதே என்று சொல்வது மாநில மீன்வளத் துறை. காற்றுக்கு எந்தப் பட்டியலும் தெரியாது என்பதால் இந்த மூன்று பேரும் சண்டை போடாமல் வேலை செய்கிறார்கள். மற்ற விஷயங்களில் ஏன் முடியவில்லை என்பது நீங்கள் பந்தயம் கட்ட வேண்டிய அடுத்த கேள்வி.

கச்சத்தீவை மீட்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதே. அதற்குச் சட்ட பலம் உண்டா?
– வாசகர், ராமநாதபுரம்

தீர்மானம் சட்டம் ஆகாது. 2025 ஏப்ரலில் போட்டதும் சரி, 1974-ல் எதிர்ப்புத் தெரிவித்துப் போட்டதும் சரி, அரசியல் குரல்கள். அதற்காக அவை வீண் என்று சொல்ல மாட்டேன். பின்னால் வழக்கில் காட்ட ஒரு பதிவு வேண்டுமே.

சட்டக் கேள்வி வேறு இடத்தில் கிடக்கிறது. 1960-ல், மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும், வெறும் ஒப்பந்தம் போதாது என்றது. அதற்காகவே 9-ஆவது திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 1974-ல் ஓர் ஒப்பந்தம், 1976-ல் கடிதப் பரிமாற்றம், அவ்வளவுதான். 285 ஏக்கர் நிலம், சேதுபதி ஜமீனில் இருந்தது என்பது நம் பக்கத்து வாதம். அது தகராறில் இருந்த இடம், எல்லைதான் வரையறுக்கப்பட்டது, நாங்கள் எதையும் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். ஜெயலலிதா 2008-ல் வழக்குப் போட்டார், கருணாநிதியும் பிறகு போட்டார். மாநிலத்தைக் கேட்காமல் நாடாளுமன்றம் மாநிலத்தின் எல்லையை மாற்ற முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 3-ஆவது பிரிவின்படி கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. நம் கூட்டாட்சியின் பலவீனமான எலும்பு அதுதான்.

எங்கள் நிலத்தடியில் எண்ணெய் இருந்தால் மாநில அரசு 'தோண்டாதே' என்று சொல்ல முடியாதா?
– விவசாயி, திருவாடானை

எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் மத்தியப் பட்டியல் 53. எரிவாயு பற்றி மாநிலம் சட்டம் போட முடியாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் விஷயத்தில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த எண்ணெய்க்கு மேலே இருக்கிற நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியல். இந்தச் சந்தில் நுழைந்துதான் 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் வந்தன. நம் மாவட்டம் வரவில்லை. 2025-ல் இங்கே 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வெளியே வந்ததும், மாநில அரசே அதைத் திரும்பப் பெறச் சொன்னது. அனுமதி கொடுத்த ஆணையம் மத்தியச் சட்டத்தின் கீழ் அமைந்தது, பெயரில் 'மாநில' என்று இருந்தாலும். நீங்கள் கேட்க வேண்டியது: அந்த 2020 சட்டத்தை நம் மாவட்டத்துக்கும் நீட்டுங்கள் என்பது. அதைச் செய்வது முழுக்கச் சென்னையின் கையில் இருக்கிறது. இதில் டெல்லியைக் காட்டித் தப்பிக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால்?
– கடைக்காரர், கீழக்கரை

பொதுப் பட்டியல் விஷயமானால் மத்தியச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். 254-ஆவது பிரிவு. ஜல்லிக்கட்டு அப்படித்தான் பிழைத்தது: 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை 2017-ல் தமிழ்நாடு திருத்தியது, ஒப்புதல் வாங்கியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஊழியர், தேவிபட்டினம்

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கெடு விதித்தார்கள். தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். அதே வருடம் நவம்பரில் ஐந்து நீதிபதிகள், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துச் சொல்லும்போது, கெடு விதிக்கவும் முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றார்கள். காரணமே இல்லாமல் காலவரையறையின்றி உட்கார்ந்திருந்தால் மட்டும், முடிவு எடு என்று நீதிமன்றம் சொல்லலாமாம். எனக்கு முதல் தீர்ப்பு பிடித்திருந்தது. என் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

மாநில ஆட்சியை இப்போதும் கலைத்துவிட முடியுமா?
– வாசகர், மூக்கையூர்

356-ஆவது பிரிவு இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை ஆட்சி அதனால் போனது. 1994-ல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில் எண்ணிப் பார், ராஜ்பவனில் எண்ணாதே என்றார்கள். கலைத்த காரணத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு இங்கே அது நடக்கவில்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் கலெக்டர் கேட்டே ஆக வேண்டுமா?
– வார்டு உறுப்பினர், தொண்டி அருகே

73-ஆவது திருத்தம் ஊராட்சிக்குக் கொடுக்கத்தக்கவை என்று 29 பொருள்களை எழுதியிருக்கிறது. மீன்வளமும் அதில் உண்டு. 'கொடுக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, 'கொடு' என்று இல்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்வது மாநிலச் சட்டமன்றம். டெல்லி நமக்கு அதிகாரம் தரவில்லை என்று பேசுகிற சென்னை, ஊராட்சிக்கு எவ்வளவு தந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் சொன்னது செல்லுபடியானது என்றால், அதற்குக் காரணம் உண்டு: வன உரிமைச் சட்டம் அந்தச் சபைகளுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தது. தீர்மானத்தை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் போடுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

அதிகாரத்தை இரண்டு அரசுக்கும் பங்குபோட்டது சரி. இரண்டும் சேர்ந்து என் மேல் பாய்ந்தால்?
– இளைஞர், மண்டபம்

தம்பி, பட்டியல்கள் அரசுக்கும் அரசுக்கும் நடுவே போட்ட வேலி. உனக்கும் அரசுக்கும் நடுவே போட்டது அடிப்படை உரிமைகள். அந்த உரிமையை மீறும் சட்டம் செல்லாது என்கிறது 13-ஆவது பிரிவு. டெல்லி போட்டிருந்தாலும் சென்னை போட்டிருந்தாலும் ஒன்றுதான். மீறினால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக 32, உயர் நீதிமன்றத்துக்குப் போக 226. நமக்கு 2004-லிருந்து மதுரைக் கிளை இருக்கிறது, சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்: 22-ஆவது பிரிவு. தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்தால் இந்தப் பாதுகாப்பு அப்படியே வராது, அதற்கு வேறு விதி. மற்றபடி வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தச் சீருடைக்காரர் பிடித்தார் என்பதை அங்கேயே ஒரு தாளில் எழுதிவைப்பது. அந்த நேரத்திலிருந்துதான் 24 மணி ஓடும். கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்.